ஒன்பது வினாடி

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு பொய்யில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் ஏதோ உத்தி என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் ஹட்டனில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஒரு ஞாயிறு பத்திரிகையின் மலையகப் பக்கத்துக்கு அவ்வப்போது எழுதுவேன். போன ஒக்டோபரில் அந்தப் பக்கத்தைத் தொகுக்கும் பிரேமினி போன் எடுத்தார். டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்த சண்முகவடிவு என்ற பெண் ஜேர்மனியில் பெரிய பியானோ கலைஞராம். அவருடைய இசைத்தட்டு ஒன்றுக்கு அங்கே பரிசு கிடைத்திருக்கிறதாம். வியாழக்கிழமைக்குள் எண்ணூறு சொல் வேண்டும் என்றார்.

இணையத்தில் தேடினேன். விமர்சனங்கள் கொட்டிக்கிடந்தன. பதினொன்றை வாசித்து நல்ல வரிகளைத் தமிழாக்கினேன். இசைத்தட்டை மட்டும் கேட்கவில்லை. கேட்காமலே "காலத்தை நிறுத்தும் வாசிப்பு" என்று எழுதினேன். அப்படியும் எழுநூற்று அறுபது சொல்தான் தேறியது. மிச்சம் நாற்பதுக்கு, லயத்து வீட்டில் உட்கார்ந்து மகளின் வாசிப்பைக் கேட்டுத் தாய் கண்ணீர் விட்டதாக ஒரு பந்தி சேர்த்தேன். பிரேமினி அந்தப் பந்தியைத்தான் பெட்டி கட்டிப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பாடசாலை வாசலில் ஒரு பெண் காத்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கையில் நாலாக மடித்த பத்திரிகை.

"நீங்கதானே பேப்பர்ல எழுதுற சேர்?"

"ஆமாங்க."

"நான் வடிவோட அக்கா. நாகலெட்சுமி." பத்திரிகையை விரித்து அந்தப் பெட்டியில் விரலை வைத்தாள். "எங்கம்மா கேட்டு அழுதிச்சுன்னு போட்டிருக்கீங்க. எங்கம்மா செத்து ரெண்டு வருசமாகப் போவுது. நீங்க எந்த அம்மாவப் பாத்தீங்க?"

அடுத்த வாரமே திருத்தம் போடுவதாகச் சொன்னேன்.

"திருத்தம் போட்டு என்ன செய்ய? ஊரே படிச்சிருச்சு." அவள் பத்திரிகையைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "டிசம்பர்ல வடிவு வருது. அதுகிட்ட நீங்களே சொல்லிருங்க. என்னால முடியாது."

அவள் சத்தம் போட்டிருந்தால் நான் இந்தக் கதையை எழுதியிருக்கமாட்டேன்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

முதலாவது: "மூடுபனி விலகாத மலைச்சரிவில், கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே—"

இதற்கு மேல் போகவில்லை. வடிவைப் பற்றி எழுதிய எல்லோரிடமும் இந்த மூடுபனி இருக்கிறது.*

(* எண்ணிப் பார்த்தேன். பதினொரு விமர்சனங்களில் எட்டில் பனி, ஏழில் தேயிலை, ஒன்றில் யானை. டயகமவில் யானை கிடையாது.)

இரண்டாவது: "கொழுந்து பறித்த கைகளின் மகள் இன்று உலக மேடைகளில்—"

இது என் பழைய கட்டுரையின் முதல் வரி. வடிவு அதைப் படித்துவிட்டு, "கைக்கு எப்படிங்க மக பொறக்கும்?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் வெறும் விவரம்தான். அதையே வைத்துக்கொள்வோம். சண்முகவடிவு, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆண்டியப்பனின் இரண்டாவது மகள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, நகரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதிப் பாடசாலைக்குப் போனாள். அங்கே ஒரு பியானோ இருந்தது. பத்தொன்பது வயதில் உதவித்தொகை கிடைத்து ஜேர்மனிக்குப் போனாள். இப்போது நாற்பத்தாறு. கல்யாணம் செய்யவில்லை. அப்பா செத்தபோது வந்து போனாள். அம்மா செத்தபோது வரவில்லை.

(பியானோவை எப்படிப் படித்தாள் என்ற பகுதி இங்கே வரவேண்டும். ஆறு பக்கம் எழுதி எடுத்துவிட்டேன். அவளுடைய ஒவ்வொரு பேட்டியும் அதில்தான் தொடங்குகிறது. கேட்பவர்களுக்கு அது போதுமாகவும் இருக்கிறது. அதற்குப் பிறகு இருபத்தேழு வருடம் ஒரு மனுசி தினமும் ஆறு மணித்தியாலம் தனி அறையில் உட்கார்ந்திருந்தாள் என்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.)

இன்னொன்று. கட்டுரையில் வடிவை "அவர்" என்று எழுதினேன். கதையில் "அவள்" என்று எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். வடிவு சிரித்தாள். நாகலெட்சுமி, "எப்படி வேணா எழுதுங்க சேர், நடந்தத எழுதுங்க" என்றாள்.

3

நடந்தது இது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை. வடிவு காலையில் கண்விழித்தபோது போனில் அக்காவின் ஏழு அழைப்புகள் கிடந்தன. திருப்பி எடுத்தாள்.

"அம்மா போயிருச்சு வடிவு."

"எப்பக்கா?"

"விடியக்காலம். வேலைக்கு, பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன டீ கொண்டு போனேன். முழிக்கவே இல்ல." பின்னால் ஆட்கள் பேசும் சத்தம். யாரோ கதிரை இழுத்தார்கள். "ஞாயித்துக்கிழம வரைக்கும் வச்சிருக்கோம். மூணரைக்கு எடுப்போம். வந்துருவீல்ல?"

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவளுக்கு ஒரு கச்சேரி இருந்தது. அவள் இருந்த ஊரிலிருந்து நான்கு மணித்தியால ரயில் தூரத்தில், பழைய மண்டபம் ஒன்றில். வானொலிக்காரர்கள் ஒலிப்பதிவு செய்ய ஏற்பாடாகியிருந்தது. வெள்ளி மாலை விமானத்தைப் பிடித்தால் சனிக்கிழமை மத்தியானம் கட்டுநாயக்காவில் இறங்கலாம். அங்கிருந்து வேன் பிடித்தால் இரவுக்குள் தோட்டம்.

வடிவு சொன்னாள்: "டிக்கட் இல்லக்கா."

நாகலெட்சுமி "சரி" என்றாள்.

[இந்த இடத்தில் அவளைக் காப்பாற்ற ஒரு பந்தி எழுதினேன். கடும் பனி கொட்டி விமான நிலையத்தை மூடிவிட்டதாக. வாசிக்கக் கொடுத்தபோது வடிவு அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "பனி இல்லை. நல்ல வெயில். விமானம் இருந்தது. அதில் இடமும் இருந்தது."]

அப்படியானால் ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"அந்த மண்டபத்துக்கு பதினோரு வருசம் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு, "அது மட்டும் இல்ல. அம்மா இல்லாத வீட்டுக்குப் போறதுக்கு என்ன அவசரம்னு தோணிச்சு. அன்னைக்கு அது நியாயமாத்தான் தெரிஞ்சிச்சு."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. என் அம்மா பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தில் எழுதிய ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவளுடைய கதையில் எனக்கு என்ன கோபம்?

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அறுநூறு பேர். முதலில் சின்னதாக ஒன்றை வாசித்துவிட்டு, நாற்பது நிமிடம் போகும் ஒரு சொனாட்டாவுக்கு வந்தாள். இருபது வருடமாக அவள் கையில் ஊறிய உருப்படி. முதல் பகுதி நன்றாகவே போனது. இரண்டாவது பகுதி மெதுவானது. வலக்கை பாட, இடக்கை அடியில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

எதிரே, வெளியேறும் வாசலுக்கு மேல் ஒரு கடிகாரம் இருந்தது. மேடையிலிருந்து பார்க்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். பார்த்தாள். பதினொன்று நாற்பது. ஊரில் நாலு பத்து.

மூன்றரைக்கு எடுத்திருப்பார்கள். ஏழாம் நம்பர் மலையைச் சுற்றி மயானத்துக்குப் போய்ச் சேர அரை மணித்தியாலம். இப்போது இறக்குவார்கள்.

இடக்கை தட்டிய சுரம், சாவு வீட்டில் அடிக்கும் தப்பின் சத்தமாகக் கேட்டது. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, இரண்டு தட்டு. அவள் கை நின்றுவிட்டது.

அடுத்து என்ன வரும் என்று தெரியவில்லை. எந்தச் சுரம், எந்தக் கை, எந்த ஊர், ஒன்றும் தெரியவில்லை. அறுநூறு பேர் மூச்சுவிடாமல் இருந்தார்கள். ஒருவர்கூட இருமவில்லை. பிறகு வலக்கை தானாகப் போய் எங்கோ விழுந்தது. இரண்டு வரி தள்ளி விழுந்திருந்தது. அங்கிருந்து வாசித்து முடித்தாள்.

முடிந்ததும் மேலங்கியைப் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். யாராவது வந்து திட்டுவார்கள் என்று காத்திருந்தாளாம். வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண்மணி அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே போனாள்.

4

செவ்வாய்க்கிழமை முதல் விமர்சனம் வந்தது.

"அந்த மௌனத்துக்குள் தொலைதூரத் தீவொன்றின் மலைகள் நின்றுகொண்டிருந்தன" என்றார் ஒருவர். "நம் காலத்தில் வேறெந்தப் பியானோ கலைஞரும் இவ்வளவு துணிந்ததில்லை" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒலிபரப்பைக் கேட்டு அளந்தே பார்த்துவிட்டார். ஒன்பது வினாடி. அதன் பிறகு எல்லோரும் "அந்த ஒன்பது வினாடி" என்றுதான் எழுதினார்கள்.

வானொலி நிலையம் அந்தப் பதிவை இசைத்தட்டாக வெளியிட விரும்பியது. வடிவு ஒலிப்பதிவாளருக்குப் போன் எடுத்து, அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று கேட்டாள். அவர் சிரித்தார். இவ்வளவு பெரிய கலைஞருக்கு இவ்வளவு அடக்கமா என்று பிறகு ஒரு பேட்டியில் சொல்லியும் இருக்கிறார். அந்த வரியையும் நான் என் கட்டுரையில் தமிழாக்கினேன்.

அடுத்த கச்சேரியில் அவள் நிற்காமல் வாசித்தாள். ஒரு பிழையும் இல்லை. "கைகள் அதே கைகள், துணிச்சல்தான் காணவில்லை" என்று எழுதினார்கள். வாசலில் ஒரு வயதான மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு, மூன்று மணித்தியாலம் ரயிலில் வந்ததாகவும், இன்று அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்றும் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

அதற்கடுத்த கச்சேரியில் நிறுத்தினாள். மண்டபம் உறைந்தது. கைதட்டல் ஓயவே இல்லை.

அதிலிருந்து இரண்டு வருடம், நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அவள் கையைத் தூக்கி ஒன்பது வரை எண்ணினாள்.*

(* ஒரு இசைக் கல்லூரியில் மாணவர்கள் இப்போது அந்த இடத்தில் நிறுத்திப் பழகுகிறார்களாம். ஏடுகளில் பென்சிலால் "9" என்று போட்டிருக்கிறார்களாம். இதைச் சொன்னபோது வடிவு சிரிக்கவில்லை.)

"எண்ணும்போது என்ன நினைப்பீங்க?" என்று கேட்டேன். பெரிய பதிலை எதிர்பார்த்துக் குறிப்புப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவேன். அவ்வளவுதான்." பிறகு யோசித்துச் சொன்னாள். "தமிழ்ல எண்ணுவேன். அங்க எனக்குத் தமிழ் பேசுறதுக்கு வேற இடமில்ல."

யாரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் முகவரிடம் சொல்லலாம். ஆனால் ஏன் நின்றது என்று சொன்னால், ஏன் போகவில்லை என்ற கேள்வி அடுத்து வரும். அதனால் அவள் ஊர் ஊராகப் போய், ஹோட்டல் அறைகளில் தனியாகச் சாப்பிட்டு, திரும்பும் ரயிலில் விமர்சனங்களை வாசித்தாள். எல்லாம் பாராட்டு. எழுதியவர்கள் எல்லோரும் அவளைப் புரிந்துகொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் என்ன நடந்தது என்று அவளிடம் கேட்க ஒருவருக்கும் தேவை வரவில்லை.

5

டிசம்பரில் ஹட்டன் ஸ்டேசனில் அவளைச் சந்தித்தேன். சின்ன உருவம், தோளில் ஒரே ஒரு பை. அருகிலிருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்து என் பொய்யைச் சொன்னேன்.

"படிச்சேன்" என்றாள். "அக்கா போட்டோ எடுத்து அனுப்பியிருந்திச்சு. உங்க கட்டுரையில அம்மா கேட்டு அழுத அந்த ஒரு இடம்தான் எனக்குப் புடிச்சிச்சு." தேநீரைக் குடித்து முடித்தாள். "கேக்காமலே எழுதியிருக்கீங்க. பரவாயில்ல, எல்லாரும் அப்படித்தான்."

அவளை டயகம பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இதற்குப் பிறகு நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. இருவரும் தனித்தனியாகச் சொன்னதை வைத்து எழுதுகிறேன். எழுதியதை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

நாகலெட்சுமி தங்கைக்காகப் புதுக் கட்டில் விரிப்பு வாங்கி வைத்திருந்தாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "சீனி போடவா?" என்று கேட்டாள். வடிவு சின்ன வயதிலிருந்து சீனியில்லாமல்தான் குடிப்பாள். அது அக்காவுக்குத் தெரியாததல்ல. வெளி ஆட்களிடம் கேட்பதைப்போலக் கேட்டாள். வடிவு "வேணாங்கா" என்றாள். சனிக்கிழமை முழுவதும் இருவரும் பேசியது பஸ், மழை, முட்டுவலி. சுவரில் அம்மாவின் படம் இருந்தது. அதைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. நாகலெட்சுமி அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே உரத்துச் சொன்னாள்:

"அந்த சேரு எழுதுனாரே. அம்மாதான் கேக்கல. நானாவது கேக்குறேன். போடு."

"எதக்கா?"

"நீ வாசிச்சத. பரிசு குடுத்தாங்களே, அத."

வடிவு போனில் சேமித்து வைத்திருந்த அதைத் தேடி எடுத்தாள். முதல் பகுதியை விட்டுவிட்டு இரண்டாவது பகுதியைப் போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் நாகலெட்சுமி மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள், யாரோ தூரத்திலிருந்து பேசுவதைக் கேட்பவளைப்போல. மறு கையால் ரொட்டியைப் புரட்டினாள். நாலு நிமிடம் அப்படியே நின்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

திடீரென்று அவள் கை நின்றது. போனைக் காதோடு அழுத்தினாள்.

"ஹலோ?" என்றாள்.

வடிவு எழுந்து நின்றுவிட்டாள்.

"ஹலோ? கட்டாயிருச்சு வடிவு. சார்ஜ் இல்லையா?" போனைத் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் மறுபடி சத்தம் வர, காதில் வைத்தாள். "இல்ல, வருது. நடுவுல நின்னுருச்சே. போன் நின்னிச்சா, நீ நிப்பாட்டுனியா?"

"நாந்தான்."

"ஏன் நிப்பாட்டுன?"

(பதினொரு விமர்சனங்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலாவது இந்தக் கேள்வி இருக்கிறதா என்று. இல்லை.)

6

இந்த இடத்துக்கு நான் எழுதிய முதல் பிரதியில் வடிவு அழுகிறாள், அக்கா கட்டிப்பிடித்துக்கொள்கிறாள், அம்மாவின் படத்துக்கு மேல் விளக்கு வெளிச்சம்—

நாகலெட்சுமி வாசிக்கக் கேட்டுவிட்டு, "கட்டிப்புடிக்கல சேர்" என்றாள். "ரொட்டி கருகிக்கிட்டு இருந்துச்சு."

ரொட்டியை எடுத்து வைத்த பிறகு வடிவு சொன்னாள்: "டிக்கட் இருந்திச்சுக்கா."

"தெரியும்."

"தெரியுமா?"

"மூக்கனோட மகன் கட்டார்லருந்து ஒன்றரை நாள்ல வந்துட்டான், அவன் அப்பன் செத்தப்ப. நீ எப்படி வரமுடியாமப் போகும்?" அடுத்த ரொட்டியைத் தட்டினாள். "தெரியும்."

"பெறகு ஏங்கா ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும்."

வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். கடிகாரத்தை, தப்புச் சத்தத்தை, கை நின்றதை. அதற்காகவே அவர்கள் பாராட்டியதை, இன்றுவரை எண்ணிக்கொண்டிருப்பதை. மழைக்கு மேலால் கத்திக் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. இப்படிப்பட்ட விஷயத்தை அப்படிக் கத்திச் சொல்வது அவளுக்கு ஒருவகையில் சுலபமாக இருந்ததாம்.

நாகலெட்சுமி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எத்தன மணின்ன?" என்றாள்.

"நாலு பத்து. அம்மாவ எறக்குற நேரம்."

"நாலு மணிக்கா?" நாகலெட்சுமி யோசித்தாள். "நாலு மணிக்கு எல்லாம் முடிஞ்சிருச்சே வடிவு. அன்னைக்கு மழ கறுத்துக்கிட்டு வந்திச்சு. தப்படிக்க வந்தவங்களுக்கும் மேல் டிவிசன்ல இன்னொரு சாவு. மூணரை வரைக்கும் நிக்கமாட்டோம்னுட்டாங்க. ஒண்ணரைக்கே எடுத்துட்டோம். ரெண்டு மணிக்கு மண்ணு போட்டாச்சு. நாலு மணிக்கு நாங்க எல்லாம் குளிச்சிட்டு, டீ குடிச்சிக்கிட்டு இருந்தோம்."

வடிவு கணக்குப் பார்த்தாள். ஊரில் இரண்டு மணி, அங்கே ஒன்பதரை. ஒன்பதரைக்கு ஹோட்டலில் காலைச் சாப்பாடு. அவித்த முட்டையைக் கரண்டியால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெயில் அடித்தது. உப்பு எங்கே என்று பக்கத்து மேசையில் கேட்டாள். அம்மாவின்மேல் மண் விழுந்தபோது அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கை நின்றபோது மயானத்தில் யாருமே இல்லை.

[இங்கே ஒரு பந்தி இருந்தது. அந்த ஒன்பது வினாடியின் தனிமையைப் பற்றி. நல்ல வாக்கியங்கள்தான். வடிவு அதில் ஒரு கோடு போட்டு, "இது விமர்சனம்" என்று எழுதியிருந்தாள். எடுத்துவிட்டேன்.]

"அப்ப நான் எதுக்குக்கா நின்னேன்?" என்றாள் வடிவு.

"எனக்கு எப்படித் தெரியும்? நீதானே நின்ன." நாகலெட்சுமி ரொட்டித் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "சூடா இருக்கப்பவே தின்னு. சம்பல்ல உறைப்பு கொறைச்சுத்தான் போட்டிருக்கேன்."

மறுநாள் நாகலெட்சுமி வேலைக்குப் போன பிறகு வடிவு தனியாக மயானத்துக்குப் போனாள். ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே, ஓடைப் பக்கம். கல்லெதுவும் இல்லை. புல் முளைத்த மேடுகள்தான். எது அம்மாவுடையது என்று அக்காவிடம் கேட்காமல் வந்துவிட்டது அங்கே போன பிறகுதான் உறைத்தது. இரண்டு மேடுகள் அப்பாவுடைய இடத்துக்குப் பக்கத்தில் இருந்தன. இரண்டுமே ஏறத்தாழ ஒரே அளவு. அவள் கொண்டுபோன பூவை இரண்டுக்கும் பிரித்து வைத்தாள். கொஞ்ச நேரம் நடுவில் நின்றாள். மேலே மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டே பேசுவது கேட்டது. அதில் அக்காவின் குரலும் இருந்திருக்கும். அவளால் பிரித்தறிய முடியவில்லை.

அன்று வேலை முடிந்து வந்த அக்கா, "போனியா? பாத்தியா?" என்று கேட்டபோது, "பாத்தேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

இதை அக்காவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாள். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க" என்றாள். "ஞாயித்துக்கிழம பேப்பர் அக்கா படிக்கும். நானா சொல்ல வாய் வரல."

ஆகவே நாகலெட்சுமி அக்கா, ஆறாம் பகுதியில் மயானத்தைப் பற்றிய இந்தக் கடைசிப் பந்திகளை மட்டும் நான் உங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வடிவை நீங்களே கூட்டிப்போங்கள்.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். முடிவு என்னிடம் இல்லை.

வடிவு ஜேர்மனிக்குத் திரும்பிவிட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு, வேறொரு ஊரில் வேறொரு மண்டபத்தில் பதினொரு மணிக்கு அதே சொனாட்டாவை வாசிக்கிறாள். இணையத்தில் நேரடியாக ஒலிபரப்புகிறார்கள். இங்கே அது பிற்பகல் மூன்றரை. மெதுவான பகுதியில் அந்த இடம் வர நாலு மணியைத் தாண்டும்.

இரண்டு முடிவு எழுதினேன். முதலாவதில் அவள் நிற்காமல் வாசித்துப் போய்விடுகிறாள். மண்டபம் ஏமாறுகிறது. மறுநாள் விமர்சகர்கள் கையை விரிக்கிறார்கள். அவள் ரயிலில் பத்திரிகை வாசிக்காமல் தூங்குகிறாள். இரண்டாவதில் அவள் நிறுத்துகிறாள், ஆனால் எண்ணவில்லை. எவ்வளவு நேரம் என்று அவளுக்கும் தெரியாது.

நேற்று, புதன்கிழமை, போனில் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எனக்குத்தான் எது வரும்னு தெரியல. நீங்க எப்படி எழுதிட்டீங்க?"

மூன்றாவதாக ஒன்றை நான் எழுதவில்லை.

பிரேமினி இன்று காலை போன் எடுத்தார். கதை நன்றாக இருக்கிறது, கடைசிப் பக்கம் எங்கே என்று கேட்டார். பத்திரிகை ஞாயிறு காலையில் வருகிறது, கடைசிப் பக்கம் அன்று மாலை நாலு மணிக்குப் பிறகுதான் வரும் என்றேன். "திங்கட்கிழமை எழுதித் தாங்களேன்" என்றார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். திங்கட்கிழமை ஆளுக்கொரு விமர்சனம் வந்திருக்கும், அதில் என்னுடையதும் ஒன்றாகிவிடும் என்று ஏதோ சொன்னேன். அவருக்கு அது திருப்தியில்லை.

நேற்று போனை வைக்குமுன் வடிவு இன்னொன்றும் கேட்டாள். நாகலெட்சுமியின் வீட்டுக்குள் போன் பேசலாம், இணையம் எடுக்காது. ஒலிபரப்பைக் கேட்பதென்றால் மேல் ரோட்டுக்கு ஏறிப்போய், வெட்டவெளியில் நிற்கவேண்டும்.

"ஞாயித்துக்கிழம அங்க மழயா இருக்குமா?" என்றாள். "அக்கா வெளியதான் நிக்கும்."

ஜன்னலால் பார்த்தேன். வானம் எப்படியும் மாறலாம்போல இருந்தது. எனக்குத் தெரியவில்லை என்றேன்.

நான் இதை வியாழக்கிழமை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள்தான் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறீர்கள்.